நூற்று எழுபது வோல்ட்

என் கணவர் லுக்யானின் நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஓடும்வரைதான் அவருக்கு மூச்சு. அந்தக் குளிர்காலப் போரில் எங்கள் நகரமான செர்னிஹிவின் மின் நிலையங்கள் மேல் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தன. மூன்று மணி நேரம் கரண்ட், ஆறு மணி நேரம் இல்லை என்பது எங்கள் தெருவின் முறை.

ஐந்தாம் மாடி நசார், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களின் பணிமனை எலக்ட்ரீசியன், இயந்திரம் நிற்காமலிருக்க எங்களுக்கு மூன்று வழி செய்து கொடுத்தான். முதலில் லைன், தெருக் கம்பத்திலிருந்து வரும் கரண்ட். அது போனால் இன்வெர்ட்டர் தானாகவே பேட்டரிக்கு மாறும். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும்; அதற்குள் முற்றத்து ஜெனரேட்டரைக் கிளப்பி, மாற்றுச் சுவிட்சை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். லைனும் ஜெனரேட்டரும் ஒருபோதும் சேரக்கூடாது, கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவன் செத்துப்போவான் என்று என்னை நாலு முறை திருப்பிச் சொல்ல வைத்தான்.

"ஒரு கிழவனுக்கு மூணு கரண்டாடா? ஆஸ்பத்திரிக்கே ரெண்டுதான்" என்றார் லுக்யான்.

"பேசாம மூச்ச இழுங்க மாமா. உங்க பேச்சுக்கும் யூனிட் ஓடுது."

ஜனவரியில் ஒரு நாள், நண்பகலில் கரண்ட் வந்தது; அதுவரை பேட்டரியையும் ஏற்றிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தி, சுவிட்சை லைன் பக்கம் தள்ளினேன். கரண்ட் வந்தால் எங்கள் கட்டிடத்தில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். ஒன்பது மாடியிலும் அடுப்பு, கெட்டில், இஸ்திரிப்பெட்டி. நானும் பக்வீட் தானியக் கஞ்சி வைத்தேன், துவைக்கும் இயந்திரத்தைப் போட்டேன். பல்பு மங்கலாக, மஞ்சளாக எரிந்தது. அந்த மாதத்தில் அதுவே பெரிது. ஆக்சிஜன் இயந்திரம் சீராக ஓடியது. பேட்டரி ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஐந்து நிமிடத்தில் இயந்திரமும் நின்றது.

நசாரைக் கூப்பிட்டேன், மேலங்கிகூடப் போடாமல் கீழே ஓடினான். ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தேன், வருவதாகச் சொன்னார்கள். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி, ஜெனரேட்டர் எண்ணெய் ஜாம்போல இறுகியிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து, அவன் கயிற்றை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். லுக்யான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"ஜன்னல மூடு, உனக்குக் குளிரும்" என்றார்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடியது. அப்போது அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

லுக்யானின் நாற்பதாம் நாள் நினைவுச் சாப்பாடு முடிந்த மறுநாள், கரண்ட் இருந்த நேரத்தில், நசார் வோல்ட் அளக்கும் மீட்டரோடு வந்தான். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய லைனில் நூற்று அறுபத்து நான்கு காட்டியது. இன்வெர்ட்டரைப் புரட்டிப் பார்த்தவன், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நூத்தி எழுபதுக்குக் கீழ எறங்கினா, லைன் இல்லைன்னு இது எடுத்துக்கும் அத்தை. அன்னைக்கு பல்பு எரிஞ்சப்பவே மாமா பேட்டரியிலதான் இருந்திருக்காரு."

அந்த எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு பொத்தான்தான். தொண்ணூறு வரைக்கும் எறக்கலாம். கம்பெனி வச்சத நான் தொடல."

ஏழாம் மாடியில் இழுப்பு நோயுள்ள குழந்தைக்கு இந்த இன்வெர்ட்டரைக் கேட்கிறார்கள் என்றான். எடுத்துப் போகச் சொன்னேன். வயர்களைக் கழற்றும்போது, அன்று நான் துணி துவைத்ததை அவனிடம் சொன்னேன்.

"எல்லாரும்தான் போட்டாங்க அத்தை, அதான் வோல்ட் எறங்குச்சு. ஒரு மெஷின்ல என்ன கொறையும், ரெண்டு மூணு வோல்ட்."

அன்று எத்தனை வோல்ட் இருந்தது என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.