வளையம் மூடிய மாலை

மேலைக்காற்று ஓயாது அறைந்து, அறைந்ததனாற் களைத்து அடங்கிய மாலைப்பொழுது அது. கிறித்தவரின் பெருநோன்பு தொடங்குமுன் ஊர்கூடி ஆடும் அத்திங்கட்கிழமையில், வடகடல் தீவொன்றிலுள்ள ஸ்கார்விக் ஊரின் கருங்கற் கரையை அலைகள் முணுமுணுத்துத் தடவிக்கொண்டிருக்க, மலைமுகட்டினின்று இழிந்த மூடுபனி புல்வேய்ந்த கூரைகளை ஒன்றன்பின் ஒன்றாய் விழுங்கி, ஆட்டிறைச்சி காற்றில் உலரும் பலகைக் கொட்டில்களின் இடுக்கெல்லாம் புகுந்து, கரையேற்றிக் கவிழ்த்த படகுகளின்மேல் ஈரப் போர்வையெனப் படிந்தது. மரமென்பதொன்று அங்கில்லை, ஆதலின் காற்றுக்கு நாவில்லை. கடலுக்கே அங்குப் பேச்சுண்டு; அப்பேச்சும் அன்று மனக்குறையுற்றார் பேச்சைப் போலத் தாழ்ந்தே ஒலித்தது.

அவ்வூரிற் பிறந்து, பாவால் இளமையிலும் ஓவியத்தால் நடுவயதிலும் பெயர்பெற்ற ஹானுஸ் என்பான், சென்ற கூதிர்ப் பருவத்திலே புதினம் ஒன்று வெளியிட்டிருந்தான். எண்மர் வலிக்கும் படகொன்று, அதனைச் செலுத்திய தலைவன் குடிவெறியால் வழிதவறிப் பாறையில் மோதி அழிவதே அதன் கதை. பெயரை மாற்றியிருந்தான், ஊரை மாற்றியிருந்தான், ஆயினும், வாழ்நாளில் ஒரு துளி மதுவும் நாவிற் படாத திரோந்துர் என்னும் இறந்துபோன படகுத் தலைவனே அவனென்பதை ஸ்கார்விக்கில் அறியாதார் இலர். நாவடக்கமின்றி எழுதுவது ஒரு பிழை. நாவற்றுப்போன ஒருவன்மேற் பழியேற்றி எழுதுவது அதனினும் கொடிய பிழை. கற்றோர் அதனைக் கலையென்று பாராட்டினர்; அப்பாராட்டும் பிழையே.

மிக்கியால் என்பான் திரோந்துரின் மகன். அவன் அன்று நண்பகலில் ஹானுஸின் வாயிலில் வந்து நின்றான்.

"என்னப்பா ஹானுஸ், சாயங்காலம் ஆட வர்றியா? உனக்குன்னே ஒரு பாட்டு கட்டியிருக்கோம்."

"வசைப்பாட்டா?"

"நீ ஊரைப் பத்தி எழுதலாம், ஊரு உன்னைப் பத்திப் பாடக்கூடாதா? நல்ல செருப்பா மாட்டிட்டு வா. பாட்டு கொஞ்சம் நீளம்."

மறுத்தல் அரிது. தவறிழைத்தான் ஒருவனை ஆடல் வளையத்துள் வலியார் இருவர் இருபுறமும் கைபற்றி நிறுத்த, அவனைப் பாடும் பாட்டுக்கு அவனையே அடிபெயர்த்து ஆடச்செய்வது அத்தீவுகளின் வழக்கம். கடைசிச் செய்யுள்வரை அவன் நின்றுவிட்டானாயின் வழக்கு அன்றோடு இறந்தது. அதன்பின் அதனை எவரும் எடுத்துரையார். உணவுப்பலகையில் முதலிடம் அவனுக்கே. கையுதறி வெளியேறினானாயின், வெளியேறியவனே. தான் பிறந்த ஊரில் இனித் தனக்கு இடமுண்டோ இல்லையோ என்பது அம்மாலையிலேயே தெரியவரும் என்பதை உணர்ந்தே ஹானுஸ் ஆடற்கூடம் சென்றான்.

யாழுமில்லை, முழவுமில்லை; பலகைத் தளத்தை மிதிக்கும் அடிகளே தாளமாக, கைகோத்த வளையம் மெல்ல நகர்ந்தது. ஹானுஸின் வலக்கை மிக்கியாலிடமும் இடக்கை மீன்பிடிப்பான் ஒருவனிடமும் இருந்தன. அவன் வரைந்த ஆடுகளுக்குக் காலில்லை என்றது முதற்செய்யுள். திமிங்கில வேட்டையன்று அவன் படகிலேயே உறங்கிப்போனான் என்றது அடுத்தது. ஊர் சிரித்தது; அவனும் சிரித்தான்; யாப்பு வழுவாது கட்டியிருக்கிறார்களே என்று உள்ளூர வியக்கவுஞ் செய்தான். பின்பு பாட்டு திரோந்துரிடம் வந்தது, சிரிப்பு அடங்கியது. அதன்பின் வந்தது அவன் எதிர்பாராத செய்யுள்.

பல்லாண்டுகட்கு முன் திரோந்துரின் படகு கவிழ்ந்து அதிலிருந்தோர் மாண்ட அவ்வைகறையில், எட்டாந்துடுப்பு ஹானுஸுக்கு உரியது. காய்ச்சலென்று சொல்லியனுப்பிவிட்டு, கடலின்மேல் அன்று தோன்றிய அரியதோர் ஒளியைப் பலகையில் தீட்டிக்கொண்டு வீட்டிலிருந்தான். அவனிடத்தில் அமர்ந்து சென்றவன் எய்லிவ். கைம்பெண் சிக்வோரின் ஒரே மகன்; அவனும் மீண்டிலன். அழுகுரல் கேட்டு ஹானுஸ் கரைக்கு ஓடிவந்தபோது, அவன் விரல்களில் நீலவண்ணம் ஈரங்காயாமல் இருந்தது. ஊரார் அனைவரும் கண்டனர், ஒருவரும் வாய்திறந்திலர். அவர்கள் அருளால் அத்தனை ஆண்டு காத்த அம்மௌனத்தை, நீலவிரலை மறைக்கக் குடிகாரனைப் படைத்த அந்நூலே உடைத்தது.

கால்கள் மிதித்தன, குரல்கள் நீலவிரலைப் பாடின. ஹானுஸ் கையை இழுத்தான்.

"இழுக்காதே. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று மிக்கியால் காதருகே சொன்னான். "நில்லுப்பா."

அவ்வொன்று இதனினும் கொடியதாகவே இருக்குமென்று அஞ்சி அவன் மீண்டும் இழுத்தான். வளையத்தின் எதிர்ப்புறம் ஆடிவந்த சிக்வோர் அதனைக் கண்டாள்.

"விட்டுடுங்கடா," என்றாள். "அடுத்தது நான் கட்டினது. கட்டிப்போட்டுக் கேக்க வெக்கிற பாட்டு இல்ல அது."

விட்டனர். அவன் கதவை நோக்கி நடந்தான். அவனைப் பற்றியிருந்த இரு கைகளும் தம்முள் இணைந்தன, வளையம் மூடிற்று. கடைசிச் செய்யுள் தொடங்குமுன் அவனுக்குப் பின்னே கதவும் மூடிற்று.

இளவேனிலிற் கப்பலேறிக் கோபன்ஹேகன் சென்றான். நூல்கள் எழுதினான், ஓவியங்கள் தீட்டினான், புகழ் மழையெனப் பொழிந்தது. ஆயினும் பாலையிற் பெய்த மழைபோல அஃது அவனுள் எதனையும் முளைப்பித்திலது. நீலத்தை அவன் அதன்பின் தொட்டானல்லன்; சாம்பல்நிறக் கடல்களையே வரைந்தான்.

தலை முற்றும் நரைத்தபின், அதே திங்கட்கிழமை மாலையில் ஸ்கார்விக் கரையில் இறங்கினான். சிக்வோர் மண்ணுள் இருந்தாள், மிக்கியாலும் அவ்வாறே. ஆடற்கூடத்தின் பலகைச் சுவரில் உள்ளங்கை பதித்து வெளியே நின்றான். உள்ளே அவன் பாட்டுத்தான். காலற்ற ஆடுகள் சென்றன, உறக்கம் சென்றது, திரோந்துர் சென்றான், நீலவிரல் வந்தது. அவன் இம்முறை நின்றான்; சிக்வோர் கட்டிய கடைசிச் செய்யுள் எழுந்தது.

"நீலக் கையோட வாடா ஹானுஸ்,
நெறஞ்ச படகுல எடமிருக்கு;
எம்மவன் புடிச்ச துடுப்பை எடுத்து
எங்ககூடச் சேந்து வலி."

பாட்டு ஓய்ந்ததும் கதவைத் திறந்தான். வாயிலருகே நின்ற இளம்பெண்ணொருத்தி அவனுக்கு வழிவிட்டாள்.

"உள்ள வாங்க பெரியவரே, பனி வருது. ஹானுஸ் பாட்டு இப்பத்தான் முடிஞ்சுது. தவற விட்டுட்டீங்களே."

"யாரம்மா அந்த ஹானுஸ்?"

"யாருக்குத் தெரியும்? கடைசியிலே அந்தப் படகுல போய் உக்காந்திருப்பான்."

வேறொரு பாட்டுக்கு வளையம் நகரத் தொடங்கியிருந்தது. முன்பின் அறியாத இரண்டு கைகள் அவனுக்காக விலகின, அவன் புகுந்தான். சொல்லையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன், தன் வாழ்நாளெல்லாம் தேடிய சொல்லொன்று, தான் பொறாது புறப்பட்டுவந்த கூடத்திலே, தானில்லாத ஆண்டுதோறும் தவறாது பாடப்பட்டுவந்தது என்பதனை அறிந்தபோது, அதனைச் சொன்னவள் அங்கில்லை. ஏற்றேன் என்று அவன் சொல்லத்தக்க செவியும் அங்கில்லை.