கராஜில் முன்னூற்றி நாலு

எங்கள் வீட்டுக் கராஜில் ஒருநாளும் கார் நின்றதில்லை. ஜேர்மனியில், நொய்ஸ் நகரத்தில் இந்த வீட்டை வாங்கிய நாளில் இருந்து அதற்குள் நின்றவை கதிரைகள். கால் உடைந்தவை, ஸ்பிரிங் வெளியே தள்ளினவை, ஆட்கள் தெருவோரத்தில் எறிந்துவிட்டுப் போனவை. நான் அவற்றைப் பிரித்து, பழைய வைக்கோலையும் குதிரைமயிரையும் எடுத்துவிட்டு, புது ஸ்பிரிங் கட்டி, புதுச் சீலை இழுத்து ஆணி அடிப்பேன். இதை மாலை வகுப்பு ஒன்றில் இரண்டு வருடம் படித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை எனக்கு முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் கதிரையில் இருத்துகிற வேலை. சனிக்கிழமை வந்தால் ஆள் இல்லாத கதிரையைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

ஒக்டோபர் முடிந்தால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். கராஜின் சுவர் ஒற்றைக் கல், முன்பக்கம் வெறும் தகரக் கதவு. ஜனவரியில் பசை இறுகாது, விரல் மடங்காது. வீட்டுக்குள் வைத்துச் செய்யலாம் என்றால், ஒரு கதிரையைப் பிரித்தால் கிளம்புகிற எண்பது வருடத் தூசிக்கு என் கணவர் தபோதரன் மூன்று நாள் தும்முவார். ஒவ்வொரு தும்மலையும் என்னைப் பார்த்துத்தான் தும்முவார்.

ஆகவே போன வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன். கராஜுக்குக் குளிர் புகாத சுவர் போட்டு, மாரியிலும் இருந்து வேலை செய்கிற அறையாக்குவது. நகரசபைக்கு அனுப்பும் அந்த்றாக் என்கிற விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஐந்து மாதம் கழித்து அனுமதி வந்தது. கட்டட வேலை செய்கிற ஒரு ஃபிர்மாவைப் பிடிப்போம் என்றேன்.

தபோதரன் சிரித்தார். "எங்கட பெடியள் இருக்க ஃபிர்மா என்னத்துக்கு?"

எங்கட பெடியளில் மூத்த பெடியனுக்கு அறுபத்துநாலு வயது. விஜயரத்தினம் அண்ணை. முப்பது வருடம் இத்தாலியன் கடையில் பீட்சா போட்டவர், ஆகவே கட்டட வேலை தெரியும். இரண்டாவது, கொலோனில் இருந்து வரும் சாந்தரூபன். அவரிடம் துளை போடுகிற மெசின் இருந்தது. மூன்றாவது நிசாந், இங்கேயே பிறந்து எலெக்ட்ரீசியனாக அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, முடித்தவன். வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை தகரச் சட்டங்களை நட்டார்கள். நான் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் செய்தேன். இரண்டாவது சனிக்கிழமை சட்டங்களுக்கு நடுவில் கண்ணாடிப் பஞ்சை அடைத்தார்கள். பிறகு ஈரம் தடுக்கிற பிளாஸ்டிக் தாளை எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை வந்தது. மழை வெளியில்தானே பெய்கிறது, ஆகவே தாளும் வெளிப்பக்கம்தான் என்று அண்ணை நின்றார். "அண்ணை, இஞ்ச ஈரம் எங்கட மூச்சில இருந்துதான் வரும். தாள் உள்பக்கம் இருக்க வேணும்" என்றான் நிசாந். "நான் உனக்கு முதல் மூச்சு விடத் தொடங்கினவன்" என்றார் அண்ணை. ஒன்றரை மணித்தியாலம் போனது. நண்டுக் கறி ஆறுகிறது என்று நான் கத்தினேன். அண்ணை கை கழுவப் போன இடைவெளியில் நிசாந் தாளை உள்பக்கமாக ஒட்டிவிட்டான்.

மூன்றாவது சனிக்கிழமை ஜிப்சம் பலகைகளை ஏற்றித் திருகாணி போட்டு, பொருத்துகளுக்குப் பூச்சுப் பூசினார்கள். தகரக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலும் சுவர் எழுப்பி, ஒற்றைக் கதவு ஒன்று வைத்தார்கள். மறுநாள் வெள்ளையடித்தது நான். அடித்து முடித்து நடுவில் நின்று பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். அகதி முகாமில் ஒரு அறைக்கு ஆறு பேர். பிறகு கணவர், பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள். எனக்கென்று ஒரு அறை இருந்தது அன்றைக்குத்தான். சந்தோசத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

யாரும் ஒரு சதம் கூலி வாங்கவில்லை. பிழை அங்கேதான் நடந்தது. கூலி வாங்கினவன் வேலை முடிந்ததும் போய்விடுவான். சும்மா செய்து தந்தவன் சும்மா வருவான்.

அடுத்த சனிக்கிழமை, மூன்று பேரும் வந்து நின்றார்கள். "சூடு நிக்குதோ எண்டு ஒருக்காப் பாக்க வேணும்" என்றார் அண்ணை. ஹீட்டரைப் போட்டுவிட்டு, தபோதரனையும் சேர்த்து நாலு பேராக இருந்து முன்னூற்றி நாலு என்கிற சீட்டாட்டம் விளையாடினார்கள். ஐந்து மணித்தியாலம் பார்த்தார்கள். சூடு நின்றது.

அதற்கு அடுத்த சனிக்கிழமையும் சூட்டைப் பார்க்க வந்தார்கள். டிசம்பரில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வந்தது. குளிர் புகாமல் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய அறைக்குள் குளிர்ப்பெட்டி. சாந்தரூபன் தன் ஜாக்கெட்டைக் கொழுவ ஒரு ஆணி அடித்தார். என் சீலைச் சுருள்களை யாரோ மரியாதையாக மடித்து ஒரு மூலையில் வைத்திருந்தார்கள்.

"நான் எப்ப வேலை செய்யிறது?" என்று தபோதரனைக் கேட்டேன்.

"திங்கள் துவக்கம் வெள்ளி மட்டும் சும்மாதானே கிடக்கு" என்றார்.

அந்த நாட்களில் நான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் ரயிலடிக்குக் கொண்டுபோய் விடுவதே அவர்தான்.

நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். மிக்சர் முடிந்தால் வாங்கி வைத்தேன். உதவி செய்தவர்கள், முகத்தை முறிக்க ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போய்விட்டு நேரே கராஜுக்குள் போனேன். நாலு பேரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புது மேசை ஒன்று இருந்தது. குனிந்து பார்த்தேன். அது என்னுடைய வால்நட் சாய்வுக் கதிரை. செப்டெம்பர் முழுக்க அதன் பழைய வார்னிஷை நகத்தால் சுரண்டாத குறையாகச் சுரண்டி எடுத்திருந்தேன். அதன் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை. பலகை ஆடக்கூடாது என்று இரண்டு ஆணி. ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம்.

"நல்ல ஐடியா என்ன? நான்தான் சொன்னனான்" என்றார் தபோதரன்.

நான் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்துவந்து நிலத்தில் இருந்தேன். பலகையில் கிடந்த சீட்டை எல்லாம் கூட்டி அண்ணையின் கையில் கொடுத்தேன். முதல் ஆணியைப் பிடுங்கினேன். மரம் கிறீச்சென்றது.

"பிள்ளை, துரும்பு கேட்டிருக்கிறன், ஆட்டம் நடக்குது" என்றார் அண்ணை.

"ஆட்டம் முடிஞ்சுது அண்ணை. எல்லாரும் எழும்புங்கோ."

"இதென்ன கதை? நாங்கள் கட்டின இடமல்லோ?"

"ஓம். நீங்கள் கட்டினது. எனக்குக் கட்டித் தந்தது. நீங்கள் செய்த உதவியைச் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன். வீட்டுக்குள்ள வாங்கோ, எப்பவும் சாப்பாடு இருக்கும். இதுக்குள்ள இனி ஒருத்தரும் வரக் கூடாது."

கண்ணீர் வந்தது. ஆத்திரத்தில் வந்ததுதான், ஆனால் துடைக்க முடியாமல் கையில் குறடு இருந்தது. நிசாந் முதலில் எழும்பி, ஃபிரிட்ஜின் வயரைக் கழற்றினான். "சொறி அக்கா" என்றான். அண்ணை கோட்டைப் போட்டார். போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் உறுதியாக இருந்தது அவருக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது போலிருந்தது.

எல்லாரும் போன பிறகு தபோதரன் சொன்னார்: "என்ர மானம் போச்சுது."

"எனக்கு இடம் போச்சுது" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. ரயிலடிக்கு வழமைபோலக் கொண்டுபோய் விட்டார், ரேடியோவைப் போட்டுக்கொண்டு. தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் அண்ணையின் மனைவி என்னைப் பார்த்து வேறு பக்கம் திரும்பினா. மனது சங்கடப்பட்டது. ஆனாலும் சனிக்கிழமை வந்ததும் கராஜுக்குள் போனேன். ஆணித் துளை இரண்டையும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். பசை இறுகியது.

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம். ஸ்பிரிங்குகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய நேரம். கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆரது?"

"நான்தான்."

"என்ன?"

தபோதரன் கேட்டார்: "யாமினி, உள்ள வரலாமோ?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். குளியலறைக் கதவைக்கூட அவர் தட்டிவிட்டுத் திறந்தது கிடையாது. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறக்கத்தான் கால் எழும்பியது. வெளியில் இரண்டு பாகைக் குளிர் வேறு.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன்.

பிடித்திருந்த முடிச்சைப் போட்டேன். அதற்கு அடுத்த முடிச்சையும் போட்டேன். அவர் நின்றார்.