சரக்கு வருது

இரும்புச் சாமான் கடைக்காரர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. கடையில் இல்லாத குழாய்க்கு "வண்டி ஏறிடுச்சு." கம்பெனியே மூடிப்போன பூட்டுக்கு "நாளைக்கு வாங்க." இல்லை என்றால் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். எதிர்க்கடையிலும் அது இருக்காது, அது வேறு விஷயம்.

இந்தப் புண்ணியவானை ஜெர்மன் வகுப்பில் உட்காரவைத்தது அவர் மனைவி. ஜெர்மன் பேசும் ஊரில் நர்ஸ். அவர் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் அவளிடம் போக விசா. ஒரு தடவை கோட்டைவிட்டாயிற்று. மறுபடியும் விட்டால், இருவருக்கென்று பிடித்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஹாஸ்டலுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள்.

'ஒரு' என்பதை லபக்கென்று பிடித்துக்கொண்டார். ஜெர்மனில் சாமானுக்கும் ஆண், பெண் உண்டு. சுத்தியல் ஆண், அதற்கு 'ஐன்'. விளக்கு பெண், அதற்கு 'ஐனெ'. கல்லாவில் உட்கார்ந்தபடியே கடைச் சாமான் அத்தனையையும் ஆண், பெண் பிரித்தார். கல்யாணம் பேசாததுதான் பாக்கி.

மாட்டிக்கொண்டது 'இல்லை'யில்.

"முன்னாடி ஒரு 'க்' சேருங்க சார். ஐனெ, கைனெ. விளக்கு இல்லைன்னு ஆயிடும்" என்றாள் டீச்சர்.

"ஒரு எழுத்துல சாமானே காணாமப் போயிடுமா? இது பாஷையா, பிக்பாக்கெட்டா?"

டீச்சர், இல்லை என்பதற்கு அடையாளமாகக் குறுக்குக் கோடு போட்ட விளக்குப் படத்தைக் காட்டி, "உங்ககிட்ட விளக்கு இருக்கா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "மோர்கன்!" நாளைக்கு.

"நான் விளக்கு வாங்க வரல சார்!"

"கேட்டு வந்தவங்கள எப்படிம்மா வெறுங்கையோட அனுப்பறது?"

"அப்ப உங்க வீட்டம்மாவ ஹாஸ்டலுக்கு அனுப்புங்க."

அன்று முழுக்க அவர் யாரிடமும் பேரம் பேசவில்லை.

தேர்வில், கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மாள் குறுக்குக் கோடு போட்ட சைக்கிள் படத்தை அவர் பக்கம் தள்ளினாள். உங்களிடம் இருக்கிறதா? நாக்கு நுனியில் 'நாளைக்கு' தயாராக நின்றது. மனைவி போனில் காட்டிய சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது. அதில் ஒரு நாற்காலி காலி. கசப்பு மருந்து குடிப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டு, "கைன் ஃபாராட்" என்றார். சைக்கிள் இல்லை. பழக்கம் விடுமா? "ஆனால் நாளைக்கு..." என்று அதையும் ஜெர்மனிலேயே சேர்த்தார். அம்மாள் சிரித்துவிட்டாள்.

முடிவு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"பாஸாயிட்டேன்!"

"ஆயிட்டீங்களா, ஆயிடுவீங்களா? உங்க சரக்கெல்லாம் எப்பவும் வந்துக்கிட்டேதானே இருக்கும்."

"சத்தியமாடி!"

"சரி, இங்க குளிருக்கு ஜாக்கெட் வாங்கச் சொன்னேனே, வாங்கியாச்சா?"

"அது... வருது."

"வருதா?" என்றாள் அவள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கைனெ ஜாக்கெ" என்றார் மெதுவாக. "வாங்கல."

"அப்படின்னா நெஜமாவே பாஸாயிட்டீங்க" என்றாள் அவள். "ஹவுஸ் ஓனர்கிட்ட வீட்டக் காலி பண்ணலைன்னு சொல்லிடறேன்."