அச்சைத் தொடாத மனிதர்

அம்மா செத்த பிறகு நாங்வாலே எங்கள் ஊரில் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. எங்கள் வழக்கத்தில், பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து குடியேறிய ஊரில் ஒரு ஆணுக்கு மனைவி இருக்கும்வரைதான் இடம். துக்கம் முடிகிற நாளில் பிள்ளைகளின் தாய்மாமன் அவன் தலையை மழித்து, போய் வா என்று அனுப்பிவிடுவார். நாங்வாலே என்னைப் பெற்றவர் இல்லை. நான் நடை பழகிய காலத்தில் மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தவர்.

போகப்போகிற மனிதர் சும்மா இருக்க வேண்டாமா? மக்காச்சோளம் ஒடித்து முடித்ததும் எங்கள் துவரைக்காட்டுக் கறையான் புற்றை வெட்ட ஆரம்பித்தார். செங்கல் அறுக்கப் போகிறாராம்.

அம்மாவின் தம்பி ஜெமுசி மாமாவுக்கு அன்றே மூக்கில் வியர்த்துவிட்டது.

"ஏ புள்ள லினேசி, போற ஆளுக்கு எதுக்குடி செங்கல்? நம்ம மண்ணைச் சுட்டு வித்துட்டுத்தான் மலையைத் தாண்டுவான். அவன்மேல ஒரு கண்ணு வச்சுக்க."

வைத்தேன். போன மழையில் அம்மா வீட்டின் சுவர் ஒன்று விழுந்துவிட்டது. நானும் தங்கையும் தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கல் கைவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு எங்களுக்குச் சுவர் கிடையாது.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் கூடியது. ஓடைப்பக்கம் மாமர நிழல் இருக்கிறது. அங்கே அறுக்காமல், தண்ணீருக்குப் போகிற பாதையோரம் மொட்டை வெயிலில் இடம் பிடித்தார். மண்ணையெல்லாம் தலையில் அவ்வளவு தூரம் சுமந்தார். லாரி வர வசதி என்றார் மாமா.

இன்னொன்று. மண்ணை மிதிப்பார், தண்ணீர் சுமப்பார், காயும் கல்லைப் புல்லால் மூடுவார். கல் போடுகிற மர அச்சை மட்டும் கையால் தொடமாட்டார். தேயிலை கிள்ளிவிட்டு முதுகொடிய நான் வந்தால், குழைத்த மண் தயாராக இருக்கும்.

"நீ போடு" என்பார்.

நான் வரத் தாமதமானால் மண் இறுகாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காத்திருப்பார். ஒரு கல்கூட போட்டிருக்கமாட்டார். கை வலிக்கிறது என்றேன் ஒருநாள்.

"ஆறட்டும். நாளைக்குப் போடு."

வாளியோடு போகிற பெண்களுக்கு நாங்கள்தான் வேடிக்கை.

"என்னடி லினேசி, அவரு முதலாளி, நீ கூலியா?"

"சேறு பட்டா கை கறுத்துடும்டி! அப்புறம் அடுத்த பொண்டாட்டி கிடைக்கமாட்டா!" என்றாள் நசிபே. பாதையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பார்த்ததை எல்லாம் சாயங்காலம் மாமாவிடம் சொல்லிவிடுவேன். சூளை சுட்டு ஆறியபோது ஒரு வெளியூர் ஆள் சைக்கிளை நிறுத்தினான். கல்லைத் தட்டிப் பார்த்தான். அவன் போனதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"யாரு அது?"

"கல்லு வேணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போட்டவளைக் கேளுன்னேன்."

பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

தலை மழிக்கிற நாள் வந்தது. ஊர்த்தலைவி நாற்காலியில் இருந்தார். மாமா கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார்.

"இந்த ஆளுக்கும் எங்களுக்கும் உறவு முடிஞ்சுது. என் அக்கா நிலத்துல இவன் செஞ்சதெல்லாம் எங்க குடும்பத்துக்கு. குடும்பத்துக்குப் பெரியவன் நான். அந்தச் சூளைக் கல்லுல என் மகனுக்குக் கடை கட்டப்போறேன்."

எங்கள் சுவரைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்வாலே மழித்த தலையைத் துடைத்துக்கொண்டார். "அவரு சொல்றது சரிதாம்மா. நான் செஞ்சதெல்லாம் அவரோடது. ஆனா அந்தக் கல்லு நான் போட்டதில்ல."

"பின்ன யாரு போட்டது?" என்றார் தலைவி.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, அச்சு பிடித்துப் போட்ட கைக்குத்தான் கல் சொந்தம். மண் வெட்டினவரும் தண்ணீர் சுமந்தவரும் உதவிக்கு வந்தவர்கள், அவ்வளவுதான். நாங்வாலே பெண்கள் இருந்த பக்கம் பார்த்தார்.

நசிபே துள்ளி எழுந்தாள். "அய்யோ, தினம் பாத்தோமேம்மா! இந்த மனுசன் அச்சைத் தொட்டு யாரு பாத்தா? முழுக்க இவதான் போட்டா. நாங்கதான் சிரிச்சுக்கிட்டே போவோமே!"

"ஆமாமா!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

"மண்ணு எங்களோடது!" என்றார் மாமா.

"மண்ணு உங்க அக்காவோடது, ஜெமுசி. அவளுக்கப்புறம் அவ மகள்களோடது. உட்காரு" என்றார் தலைவி.

நாங்வாலே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது பின்னாலேயே ஓடினேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே உங்க மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன்.

"கல்லு என்னோடதுன்னா வீடும் என்னோடது. அதுல யாரு இருக்கணும்னு நான்தான் சொல்லணும். திரும்பி வாங்க."

அவர் நின்றார். "முதல்ல கூரையைப் போடு. அப்புறம் ஆள் அனுப்பு."

கூரை போட்டதும் ஆள் அனுப்பினேன். வந்தார். முதல் மழையன்று சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "பூச்சு பத்தாது" என்றார்.

இப்போதும் முன்னறையில்தான் இருக்கிறார். நன்றி என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். முதியோர் வகுப்பில் எழுத்துப் பழகியவள் நான். அதனால் எழுதி வைக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.