அவுட் ஆஃப் டர்ன்

எங்கள் ஆபீஸில் அந்த மென்பொருளுக்கு பாபுஜி என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். எந்த டெக்னீஷியன் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். கெஞ்சினாலும் மசியாது. அதன் வரிசையை நான் கையால் மாற்றலாம். மாற்றினால் உடனே ஒரு கட்டம் திறந்து 'காரணம்?' என்று கேட்கும். நான்கு வருஷமாக எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் கம்பெனி எங்களுடையது. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டருக்கு மாற வேண்டும். அது ஒரு மணி, ஒன்றரை மணி தாங்கும். அதற்குள் எங்கள் ஆள் அடுத்த சிலிண்டரோடு அங்கே போய் நிற்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், நாலேகால் மணிக்கு ஆந்தி என்கிற புழுதிப்புயல் அடித்தது. தில்லி ஓக்லாவில் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பகல் முதலில் காவி நிறமாகி, பிறகு புழுதியில் காணாமலே போனது. பத்து நிமிஷத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. திரையில் இருபத்து மூன்று வீடுகள் சிவப்பாக எரிந்தன. பதினேழாவது வீடு முனிர்கா டி.டி.ஏ. ஃப்ளாட், மூன்றாவது மாடி, சங்கரநாராயணன், வயது எழுபத்தாறு. என் அப்பா.

சிலிண்டர் மிச்சம் எழுபது நிமிஷம் என்று காட்டியது.

கௌதமன் என்ற டெக்னீஷியனின் பச்சைப் புள்ளி ஆர்.கே.புரத்தில் இருந்தது. அப்பாவிடம் போக எட்டு நிமிஷம். அப்பாடா என்று நினைத்து முடிப்பதற்குள் பாபுஜி அவனைக் கோல் மார்க்கெட்டுக்குத் திருப்பிவிட்டது. அப்பாவுக்கு பாலு என்ற இன்னொரு டெக்னீஷியனைப் போட்டிருந்தது. அவர் லோதி காலனியில் ஒரு வீட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வந்து சேர்வது அறுபத்தோராவது நிமிஷம்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். கௌதமனின் பெயரை இழுத்து வந்து அப்பாவின் பெயர் மேல் வைத்தேன். கட்டம் திறந்தது. காரணம்? 'அப்பா' என்று அடித்தேன். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தப் போகும்போது கோல் மார்க்கெட் வரி கறுப்பாக மாறியது. அந்தக் கறுப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அங்கே இருப்பவருக்கு நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் வேண்டும். மிச்சமோ நாற்பத்தெட்டு நிமிஷம். அவருக்கு வேண்டிய பெரிய சிலிண்டர் கௌதமனின் வண்டியில் மட்டும்தான் இருந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டு அவன் அங்கே போனால் பதினாலு நிமிஷம் தாமதம், அதற்குள் அவருடைய சிலிண்டர் தீர்ந்துவிடும்.

ஒரு கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"கரண்ட் போயிடுத்துடி வைதேஹி. சிலிண்டருக்கு மாத்திட்டேன். ஜல்தி ஆளை அனுப்பு."

"அனுப்பறேம்மா. ஒரு மணி நேரம் ஆகும்."

"ஒரு மணி நேரமா? நீதானேடி அங்க உக்காந்துண்டிருக்கே? அப்பா பேரைத் தூக்கி முன்னாடி போட மாட்டியோ?"

"முன்னாடி போட்டா இன்னொருத்தருக்கு லேட்டாயிடும்மா."

"இன்னொருத்தருக்கு லேட்டாயிடுமாம்," என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். இதே பேச்சை அவள் முன்பும் கேட்டிருக்கிறாள். அப்பா சர்க்கார் குமாஸ்தா. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதினோரு வருஷம் காத்திருந்தார். சிபாரிசு பிடித்து, வரிசையைத் தாண்டி வீடு வாங்குவதற்கு தில்லியில் 'அவுட் ஆஃப் டர்ன்' என்பார்கள். அப்பாவுக்கும் அப்படி முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். நமக்கு முன்னால் இன்னொருத்தர் இருக்கிறார் என்று சொல்லி அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார். கரோல் பாகில் ஒரே அறையில், ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழாயில், அம்மா எங்களை வளர்த்தாள். அதற்காக அவள் அப்பாவை மன்னித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

"ஃபோனைக் குடு," என்று அப்பாவின் குரல் கேட்டது. பிறகு மூச்சுக்கு நடுவே, "நம்ம டர்ன்... எப்போ?"

"அறுபத்தோராவது நிமிஷம்பா. உங்களுக்கு எழுபது வரைக்கும் இருக்கு."

சிலிண்டரின் சீறலோடு அவர் குரல் வந்தது.

"சரி. இருக்கேன்," என்றார்.

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். மாற்றத்தை ரத்து செய்தேன். கௌதமனின் புள்ளி அப்பாவை விட்டு விலகிப் போவதைக் கண்ணில் நீர் முட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. லீவில் இருப்பவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் எல்லாம் திரையில் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரிவார்கள். அதில் ஒன்று பச்சையானது. பிறகு இன்னொன்று. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வானத்தைப் பார்த்தவர்கள் தாங்களாகவே ஃபோனை எடுத்து 'வேலைக்குத் தயார்' என்று அழுத்தியிருக்கிறார்கள். பதினோரு பேர். ஒவ்வொரு பச்சைக்கும் பாபுஜி மொத்த தில்லியையும் கலைத்து மறுபடி அடுக்கியது. ஒரு வீட்டைக்கூட அது கைவிடவில்லை. நாற்பத்து நாலாவது நிமிஷத்தில் கோல் மார்க்கெட் பச்சையானது.

ஐம்பதாவது நிமிஷத்தில் பாலுவின் புள்ளி நின்றுவிட்டது. ஃபோனில் வந்தார்.

"மேடம், ஆர்.கே.புரம் தாண்டி ரோட்டுக்குக் குறுக்க பெரிய வேப்பமரம் விழுந்து கிடக்கு. பைக் போகாது. சுத்திப் போனா அரை மணி ஆகும்."

நான் மேப்பில் வேறு வழி தேடினேன். பாபுஜிக்கு மூன்று விநாடிதான் ஆனது. பாலுவின் இரண்டாவது சிலிண்டரை மரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் வேறொரு வீட்டுக்கு எழுதியது. முதல் சிலிண்டருக்கு நேரே 'கைமாற்று: வள்ளி' என்று போட்டது. வள்ளி விழுப்புரத்துப் பெண், எங்கள் டெக்னீஷியன், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். அன்று அவளுக்கு லீவு. பச்சையான பதினோரு புள்ளிகளில் அவளும் ஒருத்தி. ஃபில்டர் மாதிரிச் சின்னச் சாமான்களை ஒருவர் இன்னொருவரிடம் கொடுப்பதற்கு என்று வைத்த வசதி அது. ஒரு ஆளின் மூச்சை இப்படிக் கைமாற்றலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

இரண்டு புள்ளிகளும் மரத்தின் இரு பக்கமும் நெருங்கின, தொட்டன, பிரிந்தன. நான் எழுந்து நின்றுவிட்டேன். நாலு வருஷமாகத் திட்டித் தீர்த்த ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் பக்கத்து மேஜைக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அறுபத்தோராவது நிமிஷம் வந்து, போனது. வள்ளியின் புள்ளி நடக்கும் வேகத்தில் நகரவில்லை, அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறில் கட்டடத்துக்குள் போய் நின்றது. மாடி ஏறுவதை மேப் காட்டாது. முருகா முருகா என்று வாய்விட்டே சொன்னேன்.

அறுபத்தெட்டில் அப்பா பச்சையானார்.

"மாட்டிட்டேன் மேடம்," என்று வள்ளி மூச்சு வாங்கினாள். "நல்லா ஓடுது. அய்யா நல்லா இருக்காரு."

பிறகு அம்மா வந்தாள். "அந்தப் பொண்ணு தோள்ல தூக்கிண்டு மூணு மாடி ஏறி வந்தாடி. ஒரு செருப்பைக் காணோம் அவ கால்ல."

"பயந்துட்டியாம்மா?"

"எனக்கென்ன பயம்? பதினோரு வருஷம் உக்காந்திருந்த மனுஷர். ஒரு மணி நேரம் உக்கார மாட்டாரா?" என்றாள். அந்தப் பதினோரு வருஷத்தை அம்மா பெருமையாகச் சொல்லி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

பின்னாலிருந்து அப்பா ஏதோ கேட்டார். "அந்த இன்னொருத்தர் என்ன ஆனார்னு கேக்கறார்," என்றாள் அம்மா.

"அவருக்கு அப்பவே வந்துடுத்துன்னு சொல்லும்மா."

"அச்சா," என்றார் அப்பா, தூரத்திலிருந்து.

ஏழு மணிக்கு இருபத்து மூன்று வீடுகளும் பச்சையாக இருந்தன. கிளம்பலாம் என்று பையை எடுத்தபோது பாபுஜி ஒரு கட்டத்தைத் திறந்தது. மாற்றம் தொடங்கப்பட்டு, பிறகு ரத்து செய்யப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேண்டும் என்றது. மேல் வரியில் நான் முதலில் அடித்தது அப்படியே இருந்தது: அப்பா.

கீழ் வரியிலும் அதையே அடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.