பதினைந்து பேர்

ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஆதிமூலத்துக்கு எழுபத்தொன்பது வயது. வேங்கிக்கால் வீட்டிலிருந்து மனைவி திரௌபதியோடு பஸ் பிடித்து, பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூருக்கு வந்திருந்தார். அங்கே ஒரு தனியார் பள்ளி தன் புது அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருந்தது. பெயர்ப்பலகையைப் பட்டுத்துணியால் மூடி வைத்திருந்தார்கள்.

பள்ளிச் செயலாளர் தசரதன் அவரை ஓரமாக அழைத்துப் போய், அவர் பேச வேண்டியதை டைப் அடித்துக் கொடுத்தார். ‘எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எதிரிகளைக் கடலுக்கு இரையாக்கினேன்’ என்று இருந்தது.

“நான் யாரையும் இரையாக்கலீங்க. குண்டு விழும்போது படகை இறக்கி, தண்ணில கெடந்த பதினஞ்சு பேரைத் தூக்கினேன். அதுக்குத்தான் பதக்கம். அதுல நாலு பேரு எதிரிக் கப்பல் ஆளுங்க.”

“தெரியும் சார். அந்த நாலு பேர் மட்டும் வேணாமே. பேரன்ட்ஸ் ஒரு மாதிரி எடுத்துப்பாங்க. பதினொண்ணுன்னு சொல்லிடுங்க.”

ஐம்பது வருடமாக எல்லோரும் அந்த நாலு பேரைத்தான் விட்டுவிடச் சொன்னார்கள். ஆதிமூலம் தாளை மடித்து தசரதனின் சட்டைப்பையிலேயே செருகினார்.

மேடையில், “எங்க ஆளுங்க பதினொரு பேர், எதிரி ஆளுங்க நாலு பேர்” என்றதுமே மைக் செத்தது. திரும்பிப் பார்த்தார். ஸ்விட்ச் பக்கத்தில் தசரதன் நின்றிருந்தார்.

ஆதிமூலத்துக்குச் சுரீரென்று கோபம் வந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் குரலில் பேசினார். எஞ்சின் இரைச்சலை மீறிக் கட்டளையிட்ட தொண்டை அது. கடைசி வரிசைவரை கேட்டது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “எதிரியக் காப்பாத்தினதைப் பெருமையாச் சொல்ல வந்துட்டீங்களா?”

“ஆமா, பெருமைதான்!” சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டைக் காட்டினார். “நாலு பேர்ல ஒருத்தன், முக்கிக் கொன்னுடுவேன்னு பயந்து கடிச்சுட்டான். பாருங்க, தழும்பு. அப்பவும் நான் விடல. தண்ணில கையத் தூக்கினவனை எந்த நாடுன்னு கேக்கல. இன்னிக்கும் கேக்கமாட்டேன்.”

பாதிக் கூட்டம் எழுந்து போனது. மீதிப் பேர் கடைசிவரை இருந்து கேட்டார்கள்.

இறங்கி வந்தவரிடம் தசரதன் பல்லைக் கடித்தார். “இப்ப போர்டை எப்படி சார் தெறக்கறது?”

“பேருக்குக் கீழ ‘பதினஞ்சு பேரைக் காப்பாத்தினவர்’னு எழுதித் தெறங்க. இல்லன்னா என் பேரை எடுத்துடுங்க.”

பட்டுத்துணியை யாரும் விலக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடவும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் திரௌபதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “தொண்டை வலிக்குதா?”

“ஜாஸ்தியாவே வலிக்குது. நாளைக்குக் கூப்பிட்டாலும் போய்க் கத்துவேன்.”

“அவங்க எங்க கூப்பிடப் போறாங்க!” என்று அவள் சிரித்துவிட்டாள்.

“கூப்பிடலன்னாலும் போவேன்.”