மறுபடி என்ற பட்டன் இல்லாத பக்கம்

1

காலையில் எழுகிறேன். தரையில் போட்ட மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் வைக்கிறேன். அறையின் நடுவில் குவிந்து கிடக்கும் மேசை, நாற்காலிகள், அலமாரி, பிரித்துச் சாய்த்த கட்டில் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகிறேன். பல் தேய்க்கிறேன். காபி கலக்கிறேன். அட்டைப்பெட்டியின் மேல் திறந்தபடி இருக்கும் லேப்டாப்பில் ஒரே ஒரு விசையைத் தட்டுகிறேன். திரை விழிக்கிறது. பக்கம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. வேறு எதையும் தொடாமல் வேலைக்குக் கிளம்புகிறேன்.

அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் இப்படித்தான். இந்தத் தொடக்கம் சப்பென்று இருக்கலாம். இதற்கு முன் எழுதியவை இதைவிட மோசம்.

(என் மனைவி இறந்த பிறகுதான் நான்)

(கணினித் திரை என்பது ஒரு ஜன்னல். அதன் வழியே)

(இணையச் செயலிகள் உருவாக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் ஆரம்பநிலை மாணவர்களுக்கு ஒரு)

முதலாவது மூச்சு முட்டி நின்றது. இரண்டாவதை எழுதிய கையில் ரெண்டு போடலாம். மூன்றாவது விளம்பரம். மூன்றையும் அழிக்காமல் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். இந்தக் கதையில் எதையும் அழிப்பதாக இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்திலிருந்து வந்தது. ஒரு வகுப்பில் ஒருவர் சிரித்தார். அப்போது நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை.

2

அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தாள். மாலையில் இணையச் செயலி வகுப்புக்குப் போனாள். வெறுமனே வாசித்துவிட்டுப் போகும் பக்கங்கள் இல்லை. பார்ப்பவர் இழுக்கலாம், தள்ளலாம், திருப்பலாம், பக்கம் அதற்கேற்ப உடனே மாற வேண்டும். அந்த வகை.

நாங்கள் இந்த ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்த நேரம். அவள் பயிற்சிக்காக இந்த அறையையே திரையில் வரைந்தாள். கட்டில், மேசை, அலமாரி எல்லாம் வண்ணக் கட்டங்கள். விரலால் இழுத்தால் நகரும். மூலையில் ஒரு பட்டன்: 'பழையபடி'. அழுத்தினால் கடைசியாக நகர்த்தியது முன்பிருந்த இடத்துக்குத் திரும்பும். இன்னொரு முறை அழுத்தினால் அதற்கு முந்தையது.

சாமான்கள் வந்து இறங்கிய மறுநாள் வேலைக்குப் போனாள். அங்கே நாற்காலியிலிருந்து சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இதைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவுதான்.*

(* நான் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களில் பிழை பார்ப்பவன். 'மிக அரிதாக ஏற்படக்கூடியவை' என்ற தலைப்பின் கீழ் வருவதை வாசிப்பது என் வேலை. அவள் எந்த மருந்தும் சாப்பிடவில்லை.)

3

மச்சினன், அதாவது அவளுடைய தம்பி, ஒரு ஃபோன் கடையில் இருக்கிறான். அதனால் குடும்பத்தில் கணினி தெரிந்தவன் அவன்தான் என்று ஒரு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான்களை நகர்த்திக் கொடுக்க வந்தான்.

"என்ன மாமா இது, இன்னும் நடுவுலயே குவிச்சு வெச்சிருக்கீங்க? ரவுண்டானாவா இது, சுத்திச் சுத்திப் போக?"

"இருக்கட்டும்."

"அக்காதான் படம் போட்டு வெச்சிருக்கால்ல? அதுபடி வெச்சிடுவோம். நீங்க அந்தப் பக்கம் புடிங்க."

"தொடாத."

"கட்டிலயா?"

"லேப்டாப்ப."

அதற்குள் தொட்டுவிட்டான். "இது என்ன, பழையபடின்னு?" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினான். ஜன்னல் சுவரோரம் இருந்த கட்டில் ஒரே தாவில் கதவுச் சுவருக்குப் போனது.

"அட! சூப்பரா பண்ணிருக்கா!"

"திருப்பி வை."

"எப்படி?"

"நீதான அமுக்கின?"

"அதுக்கு மறுபடின்னு இன்னொரு பட்டன் இருக்கணும் மாமா. அக்கா இன்னும் போடல. சரி விடுங்க, நானே இழுத்து ஜன்னல்கிட்ட வெச்சிடறேன்."

"கைய எடு!"

அவன் எடுத்தான். நான் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை.

அவன் இழுத்தால் அது அவன் கை. அந்தப் பக்கத்துக்குள் இருந்தது முழுக்க அவள் கை. எதை முதலில் நகர்த்தினாள், எங்கே தயங்கினாள், எதைத் திரும்ப எடுத்தாள், எல்லாம் வரிசையாக உள்ளே இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டுமென்றால் 'பழையபடி'யை அழுத்த வேண்டும். அழுத்தினால் பார்த்த அசைவு போய்விடும். ஒன்று ஏற்கெனவே போய்விட்டது.

மச்சினன் மெதுவாக இன்னொன்றையும் சொன்னான். நகர்த்தியதைச் சேமிக்கும்படி அவள் எழுதவில்லை. அந்தப் பாடத்துக்கு வகுப்பு இன்னும் வந்திருக்கவில்லை. பக்கம் திறந்திருக்கும் வரைதான் எல்லாம். மூடினாலோ, புதுப்பித்தாலோ, கணினி அணைந்தாலோ காலி அறைதான் மிஞ்சும்.

"ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கலாம் மாமா. ஃப்ரேம் போட்டுத் தரேன்."

ஃப்ரேமாம். எல்லோருக்கும் ஃப்ரேம்தான் நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே ஒன்று மாட்டியாகிவிட்டது, அதில் அவள் அசையவில்லை.

"ஒரு கட்டிலுக்கு இவ்ளோ கத்துவீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். போகும்போது சார்ஜர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனான். அதையும் எழுத வேண்டும்.

4

மறுநாளே அவள் போன வகுப்பில் சேர்ந்தேன். அவள் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சும்மா சார். "இது சும்மா ஒரு லைன்தான்." "சும்மா இங்க ஒரு அடைப்புக்குறி." அந்த ஒரு லைனில் நான் மூன்று மாலைகள் கிடந்திருக்கிறேன். தொடங்குகிறவனிடம் சும்மா என்று சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். அவனுக்கு எதுவும் சும்மா வருவதில்லை. சும்மா வந்தால் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறான்?

ஒன்றைச் சொல்கிறேன். கட்டத்தைப் பிடித்து இழுக்க எழுதினேன். நடுவில் பிடித்தால் கட்டத்தின் மூலை ஓடிவந்து அம்புக்குறியில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு துள்ளல். பிடித்த இடத்துக்கும் மூலைக்கும் உள்ள தூரத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு கழிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவளுடைய பக்கத்தை இயக்கும் கோட், அதாவது நிரல், தனிக் கோப்பாக இருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். கழித்திருந்தாள். வேலைக்கும் போய், சமைத்து, வீடு மாற்றச் சாமான் கட்டிக்கொண்டே கழித்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

இதற்கிடையில் கணினி ஒரு செய்தி காட்டத் தொடங்கியது. தன்னை மேம்படுத்திக்கொள்ள வேண்டுமாம், ஒரு முறை அணைந்து எழ வேண்டுமாம். 'பிறகு' என்று அழுத்தினேன். மறுநாளும் 'பிறகு'. ஒரு காலையில் 'பிறகு' என்ற பட்டனையே எடுத்துவிட்டார்கள். நாளைக் காலை தானாகவே நடக்கும் என்றது. யார் வீட்டில், யாரைக் கேட்டு?

5

அன்று மாலை வகுப்பில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். (சும்மா சாரை இன்னும் கொஞ்சம் கெட்டவராக்கினால் கதைக்கு வசதி. தொப்பையும் தங்க மோதிரமும் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் ஒல்லியான மனிதர். தண்ணீர் பாட்டிலைக்கூட எல்லோருக்கும் நீட்டிவிட்டுத்தான் குடிப்பார்.)

"பேரு சொல்ல மாட்டேன். முன்னாடி ஒரு ஸ்டூடண்ட் அனுப்பினது. எப்படி எழுதக்கூடாதுங்கறதுக்கு சும்மா ஒரு உதாரணம்," என்று திரையில் ஒரு கோட் கோப்பைக் காட்டினார்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"பழசாம்! நகர்த்தினதையெல்லாம் போட்டு வெக்கிற இடத்துக்குப் பேரு பழசு. அப்புறம் 'இப்போ', 'கட்டில்', 'அலமாரி'ன்னு பேருங்க. புரோகிராமா, பழைய சாமான் கடையா?"

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு வங்கி ஊழியர் உண்டு, எல்லோருக்கும் அக்கா. அவர் மட்டும், "எனக்கு அந்தப் பேருதான் சார் புரியுது. உங்க எக்ஸு, ஒய்யி எல்லாம் வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுது," என்றார்.

"அதவிட மோசம் இது. எல்லாத்தையும் வெட்டவெளியில வெச்சிருக்காங்க. ஃபங்ஷனுக்குள்ள மூடி வெக்கல. வீட்டுக்குச் சுவரே இல்ல. பக்கம் திறந்திருந்தா போதும், யாரு வேணாலும் வெளியில இருந்து கைய விட்டு இந்தப் பழச அள்ளிட்டுப் போயிடலாம்."

நான் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தேன். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்திருந்தது.

(நீங்கள் சிரிக்கிற ஒவ்வொரு வரியையும் ஒருத்தி நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து)

அப்போதுதான் அவர் கடைசியாகச் சொன்னது காதில் ஏறியது.

"எப்படி?" என்றேன்.

"என்ன எப்படி?"

"எப்படி அள்ளறது?"

"அது தப்புன்னுதான சொல்லிட்டிருக்கேன்?"

"தப்பாவே இருக்கட்டும். எப்படின்னு சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க சார்."

"அது என் மனைவி எழுதினது," என்றேன்.

"ஓ. அவங்களா? ஏன் பாதியில நின்னுட்டாங்க? நல்லா வந்திருப்பாங்களே."

"செத்துட்டா."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க சார். நாளைக்குக் காலையில கம்ப்யூட்டர் தானா அணைஞ்சிடும். அந்தப் பக்கம் இன்னும் திறந்திருக்கு."

சும்மா சார் பலகையை முழுவதும் துடைத்தார். பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதினார். பக்கத்திலேயே நின்று என்னைத் திரும்ப எழுதச் சொல்லி, ஒரு புள்ளியைத் திருத்தினார். சும்மா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"எஃப் பன்னெண்ட அமுக்கினா கன்சோல்னு ஒண்ணு திறக்கும். அதுல இத அடிங்க. எஃப் அஞ்சு மேல மட்டும் கை படக்கூடாது. பட்டா பக்கம் புதுசாயிடும்."

"அந்த அஞ்ச முதல்ல புடுங்கிப் போடு தம்பி," என்றார் அக்கா.

6

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூனால் எஃப் ஐந்தை நெம்பி எடுத்தேன். அடியில் காபிக் கறை இருந்தது. என்னுடையதா அவளுடையதா தெரியவில்லை.

எஃப் பன்னிரண்டு. பலகையில் எழுதிய வரி. நடுவில் 'பழசு'. என்டர்.

வந்தது. கட்டில் இங்கிருந்து இங்கே, நாற்காலி இங்கிருந்து இங்கே என்று எண்களாக, வரிசையாக. நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டினேன். சேமித்தேன். எனக்கே மின்னஞ்சல் செய்தேன். மச்சினனுக்கும் ஒன்று அனுப்பினேன். "என்ன மாமா இது, வெறும் நம்பரா இருக்கு?" என்று பதில் போட்டான். "உன் அக்கா," என்று எழுதினேன்.

மறுநாள் காலை கணினி அணைந்து எழுந்தது. பக்கத்தில் நின்று காபி குடித்தேன்.

இப்போது அன்று தொண்டையில் நின்றதைச் சொல்கிறேன். சார், உங்கள் பாடப்படி அவள் ஒழுங்காக மூடி வைத்து எழுதியிருந்தால், ஒரு வரியை அடித்து என்னால் அதை எடுத்திருக்க முடியாது. தப்பாக எழுதியதால் மிஞ்சியிருக்கிறாள். இதை எந்த உதாரணத்தில் சேர்ப்பீர்கள்? மேம்படுத்துகிறவர்களே, மனிதர்கள் எதையாவது திறந்து வைத்துவிட்டு வெளியே போவார்கள், திரும்பி வராமலும் போவார்கள் என்று உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா?

'மறுபடி' பட்டனை நானே எழுதினேன். பல வாரங்கள் ஆயின. அசிங்கமான கோட்தான். ஆனால் வேலை செய்கிறது. இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் போகலாம், முன்னால் வரலாம். மச்சினன் அழுத்தித் தொலைத்த அந்த ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. அது என் கண்ணில் இருக்கிறது, கோப்பில் இல்லை.

7

பார்த்தேன். முழுக்க.

நாற்காலி அறையை வட்டமடிக்கிறது. அலமாரி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது, சுவர் என்றால் நிற்க வேண்டும் என்று அவள் இன்னும் எழுதவில்லை. பிறகு உள்ளே வருகிறது. மேசை ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி. கடைசியில் கட்டில்: ஜன்னல், கதவு, ஜன்னல், கதவு.

இங்கேதான் முடிவு எழுத முடியாமல் நிற்கிறேன்.

முடிவு ஒன்று: அவள் எங்கள் அறையை யோசித்திருக்கிறாள். கோப்பில் இல்லாத அந்தக் கடைசி அசைவில் ஜன்னலோரம் என்றுதான் முடித்தாள். அப்படியென்றால் நானும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை அங்கே போட வேண்டும்.

முடிவு இரண்டு: பட்டன் வேலை செய்கிறதா என்று சோதித்திருக்கிறாள். கட்டில் எங்கே நின்றது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அது கையில் அகப்பட்ட ஒரு கட்டம்.

எந்தப் பாடத்திலும் இதைக் கண்டுபிடிக்கும் வரி இல்லை. சும்மா சாரிடம் கேட்டேன். எண்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தெரியல," என்றார். எதையும் ஊதித் தள்ளுகிற மனிதர் அன்று அப்படிச் சொன்னார். அக்கா முதலாவது என்கிறார், மச்சினன் இரண்டாவது. நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து கட்டிலைத் தொடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு முடிவு எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார்கள். ஏதோ நான் தர வேண்டிய பாக்கிபோல. எழுதித்தான் பார்த்தேன்.

("கட்டில ஜன்னல்கிட்டயே போட்டுடலாம், உனக்குக் காத்து)

("நான் வந்து மீதிய முடிக்கறேன், நீ எதையும்)

பொய். இப்படி எதுவும் சொல்லவில்லை. இவற்றை அவள் வாயில் திணிப்பவனுக்கும் அவள் பக்கத்தில் கைவைத்து இழுப்பவனுக்கும் என்ன வித்தியாசம்?

அன்று காலை நான் குவியலுக்கும் வாசலுக்கும் நடுவில், வாயில் பிரஷ்ஷோடு, ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். சொன்னது இதுதான்:

"நகருடா, வழியில நிக்காத."